கழனி டப்பா: மண்புழுத் தொட்டிக்குக் காய்கறிக் கழிவைச் சேர்த்து வைப்பது எப்படி?

மண்புழு உரத் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் கேட்பதெல்லாம் புழுவைப் பற்றித்தான். எந்தப் புழு நல்லது, எவ்வளவு வாங்க வேண்டும், வீட்டுக்குள் ஊர்ந்து வந்துவிடுமா, மழைக்குத் தாங்குமா? எல்லாம் நியாயமான கேள்விகள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. இன்றைக்கு நறுக்கிய காயின் தோலை, தொட்டியில் போடும் நாள் வரை எங்கே வைத்திருப்பீர்கள்? "அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்குப் போட்டுற வேண்டியதுதானே" என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மதுரையில் நான் பார்த்த வரைக்கும், பாதியில் கைவிட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை புழுவின் குறையால் கெட்டவை அல்ல, தீனி போட்ட விதத்தில் கெட்டவை.

அதனால் இங்கே புழு வளர்ப்பை விரிவாகச் சொல்லப் போவதில்லை. அரிவாள்மணைக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் சில நாட்களைப் பற்றி மட்டும் பார்ப்போம். அது சரியாக அமைந்துவிட்டால் மீதி வேலையைப் புழு பார்த்துக்கொள்ளும்.

அடுப்படிக்கு ஒரு கணக்கு, புழுவுக்கு ஒரு கணக்கு

எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு வாரம் முழுக்கக் காய்கறிக் கழிவைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சாதாரண நாளில் 400 கிராம். சாம்பார், கூட்டு, பொரியல் என்று விரிவாகச் சமைத்த நாளில் 700 கிராம். தர்பூசணி வெட்டிய அன்று அந்த ஒரு பழத்தின் தோலே ஒன்றேகால் கிலோ. விருந்தாளி வந்தால் கூடும், ஊருக்குப் போனால் ஒன்றுமே இருக்காது.

புழுவின் கணக்கு இப்படி ஏறி இறங்காது. நன்றாகப் பழகிய தொட்டியில் புழுக்கள் ஒரு நாளைக்குத் தங்கள் எடையில் ஏறக்குறைய பாதி அளவு தின்னும் என்பது பொதுவான கணக்கு. அரைக் கிலோ புழுவோடு தொடங்கினால் நாளுக்கு 250 கிராம். புது இடம் பழகும் முதல் சில வாரங்களில் அதில் பாதிகூடத் தின்னாது. ஆக, அடுப்படி கொடுப்பதும் தொட்டி எடுத்துக்கொள்வதும் எந்த நாளிலும் ஒத்துப்போவதில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டாம். இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. பயிரோ தை வரைக்கும் தினமும் குடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே கண்மாய் இருக்கிறது. வந்த தண்ணீரைத் தேக்கி, மடையைத் திறந்து, வயலுக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிறார்கள். கண்மாய் இல்லாமல் மழையை நேராக வயலுக்குள் விட்டால் பயிர் அழுகிப்போகும். அடுப்படிக்கும் மண்புழுத் தொட்டிக்கும் நடுவே வைக்கும் டப்பாவும் ஒரு சின்னக் கண்மாய்தான்.

சேர்த்து வைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

மண்புழுவுக்குப் பல் கிடையாது. புதுக் கேரட் தோலைப் போட்டால் அதனால் கடிக்க முடியாது. முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தத் தோலில் படர்ந்து அதை இளக்க வேண்டும். அப்படி இளகியதையும், அதில் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் புழு உறிஞ்சித் தின்னும். உள்ளே போனதை அரைப்பதற்கு அதன் உடம்பில் ஓர் அரைவைப் பை இருக்கிறது, மணல் துணுக்குகள் அங்கே அம்மிக் கல்லாக வேலை செய்யும்.

அப்படியென்றால், டப்பாவில் இருக்கும் இரண்டு மூன்று நாள் வீணான காத்திருப்பு இல்லை. புழுவுக்கான சமையல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்த கையோடு ஊற்றினால் இட்லி கல்லாக வரும். ஒரு ராத்திரி வைத்தால் பொங்கி வரும். நாலு நாள் வெளியே வைத்தால் கிட்டேயே போக முடியாது. மாவுக்கு உள்ள அந்தப் பதம்தான் காய்கறிக் கழிவுக்கும்.

பதம் தவறுவது எப்படி? காய்கறித் தோல்களில் பெரும்பங்கு தண்ணீர்தான். வாழைப்பழத் தோலில் எண்பது சதவீதத்துக்கும் மேலே, வெள்ளரி, தர்பூசணி போன்றவற்றில் தொண்ணூறுக்கும் மேலே. துண்டுகள் துவண்டு சரியும்போது அந்தத் தண்ணீர் வெளியே வந்து, துண்டுகளுக்கு இடையே காற்று இருந்த சந்துகளை நிரப்பிவிடும். காற்று போனதும், காற்றை நம்பி வேலை செய்த நுண்ணுயிர்கள் ஒதுங்கி, காற்றில்லாமல் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். புளித்த வாடையும் அழுகிய முட்டை வாடையும் இவற்றின் வேலை. அமிலமும் கூடவே ஏறும்.

இது மூக்குக்கு மட்டும் தொல்லை என்று நினைக்காதீர்கள். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. காற்றில்லாத, புளித்த சேற்றை அதன் மேல் கொட்டினால் மூச்சை அடைப்பதற்குச் சமம்.

இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியவில்லை. முதல் வருடக் கோடையில், பத்து நாள் கழிவை இறுக்கமான மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளியில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஐந்து கிலோவையும் தொட்டியில் கொட்டி மூடினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் முழுக்கப் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில தொட்டியின் விளிம்பைத் தாண்டி, சிமென்ட் தரையில் காய்ந்து நூலாகக் கிடந்தன. தொட்டியில் புழு வாழ்வதற்காக நிரப்பியிருக்கும் ஈரப் படுக்கைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டது போல நடுவில் சூடு. அந்த வாரம் பாதிப் புழு போய்விட்டது. வாயில்லாத ஜீவனைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒதுங்க இடமில்லாமல் செய்தது இன்றைக்கு நினைத்தாலும் மனசைப் பிசைகிறது.

சூடு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது வெப்பம் வெளியாகும். ஒரு கைப்பிடி கழிவென்றால் அந்த வெப்பம் காற்றில் கலைந்துவிடும். குவியலாக இருந்தால் உள்ளேயே தங்கும். பெரிய குப்பைக் குழிகளில் 60 டிகிரி வரைகூட ஏறும். உரப் புழுக்களுக்கு 35 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. வெளியே வெயில் 40 அடிக்கும் சித்திரை, வைகாசியில் இந்தக் கூடுதல் சூட்டுக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது.

எது உள்ளே, எது வெளியே?

அப்பத்தா காலத்தில் எங்கள் ஊர் வீடுகளில் கொல்லைப்புறம் ஒரு கழனிப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த் தோல், பழத் தோல் எல்லாம் அதில் சேரும். சாயங்காலம் மாட்டுக்குப் போகும். மாடு இல்லாத வீட்டிலும் பானை இருக்கும், மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போவார். அப்பத்தா என்னிடம் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. "ஏத்தா, எலுமிச்சந் தோலை அதுல போட்டுறாத. மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும்."

புழுவும் அப்படித்தான். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் இருக்கும் எண்ணெயும் அமிலமும் அதற்கு ஆகாது. ஒரு துண்டு தவறி விழுந்தால் குற்றமில்லை. ஜூஸ் பிழிந்த பத்துத் தோலைச் சேர்த்துப் போட்டால் அந்த மூலைப் பக்கமே புழு வராது. எங்கள் வீட்டில் இப்போதைய டப்பாவுக்கும் கழனி டப்பா என்றே பெயர். பழைய பெயர் ஒட்டிக்கொண்டது நல்லதுதான். இது குப்பை இல்லை, ஓர் உயிருக்குப் போகும் தீனி என்று பெயரே நினைவுபடுத்துகிறது.

காய்த் தோல், பழத் தோல், கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் மேல் இலை, கொத்தமல்லி வேர், கத்திரிக்காய்க் காம்பு, பூசணிக் குடல் எல்லாம் தாராளமாகப் போகலாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியவை நம் சமையலுக்கே உரிய சில பொருட்கள்.

டீத்தூளை நாம் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்துத்தான் வடிகட்டுகிறோம். அப்படியே டப்பாவில் தட்டினால் பால் திரிந்து நாறும், எறும்பும் வரும். வடிகட்டியைக் குழாயில் ஒரு தடவை அலசிவிட்டுத் தட்டுங்கள். ஃபில்டர் காபிப் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை, டிகாஷன் இறங்கிய பிறகுதானே பால் சேர்க்கிறோம். அதை அப்படியே போடலாம். புளி கரைத்த சக்கை, ஊறுகாய், உப்பும் எண்ணெயும் பட்ட குழம்பு, பொரியல் எதுவும் வேண்டாம். உப்பு புழுவின் ஈரத் தோலைச் சுட்டுவிடும், எண்ணெய் காற்றை மறைக்கும். மிஞ்சிய சோறு பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் புளித்துச் சூடாகும். அதைக் காக்கைக்கோ தெரு நாய்க்கோ வைத்துவிடுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை எலும்பு, மீன் கழிவு எதையும் இந்த டப்பாவுக்குக் காட்டவே கூடாது. மண்புழு எலும்பைத் தொடாது. வாடைக்குப் பெருச்சாளி வரும். ஒரு தடவை வழி கண்டுகொண்ட பெருச்சாளியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

சின்ன வெங்காயம் உரிக்காத நாள் நம் வீடுகளில் ஏது? அதன் சருகுத் தோல் கொஞ்சமாகப் போனால் பாதகமில்லை, மெதுவாக மக்கும். வெட்டிய ஈர வெங்காயமும் பூண்டும் வேண்டாம். முட்டை ஓட்டை மட்டும் தனியாக வையுங்கள். கழுவிக் காயவைத்து இடித்தால் நல்ல பொடி கிடைக்கும். வாரம் ஒரு ஸ்பூன் தூவினால் புளிப்பை மட்டுப்படுத்தும், புழுவின் அரைவைப் பைக்கு மணலாகவும் உதவும்.

அப்புறம் பூ. மதுரையில் மல்லிகையைச் சொல்லாமல் முடியாது. தலையில் வைத்து வாடியதும், சாமி படத்தில் போட்டுக் காய்ந்ததுமாகத் தினம் ஒரு பிடியாவது சேரும். வாழைநாரில் தொடுத்த சரம் என்றால் அப்படியே நறுக்கிப் போடலாம், நாரும் மக்கிவிடும். நூலில் கட்டியது என்றால் பூவை உருவிக்கொண்டு நூலை எறிந்துவிடுங்கள். நைலான் நூல் தொட்டிக்குள் போனால் ஆறு மாதம் கழித்தும் உரத்தில் சிக்குச் சிக்காகக் கையில் வரும். கடையில் வாங்கிய பூவில் மருந்து அடித்திருக்கலாம் என்பதால் ஒரு முறை அலசிவிடுவேன். விபூதி, குங்குமம், கற்பூரம் ஒட்டியிருந்தால் போடுவதில்லை.

கழனி டப்பாவை அமைக்கும் விதம்

டப்பா பெரிதாக இருந்தால் வசதி என்று தோன்றும். தோன்றட்டும், வாங்காதீர்கள். பெரிய டப்பாவில் கழிவு அதிக நாள் தங்கும், அடியில் இருப்பது நசுங்கும். இரண்டு, மூன்று லிட்டர் போதும், அதில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிறைந்து பதமாகும்போது மற்றது நிறையத் தொடங்கும். பழைய எவர்சில்வர் தூக்கு, ஐஸ்கிரீம் டப்பா எதுவும் ஆகும். எனக்குப் பிடித்தது வாயகன்ற சின்ன மண்சட்டி. மானாமதுரையிலிருந்து வரும் சட்டிகள் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. மண்சுவர் கசியும் ஈரத்தை உறிஞ்சி வெளியே ஆவியாக விடும், உள்ளே சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அதே விதம். பிளாஸ்டிக் டப்பா என்றால் மூடியில் ஆணியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள். சட்டி என்றால் பழைய வேட்டித் துணியை வாயில் போட்டுக் கயிற்றால் கட்டிவிடுங்கள். காற்று போக வேண்டும், ஈ போகக் கூடாது, அவ்வளவுதான்.

இனி முக்கியமான சங்கதி. ஈரக் கழிவை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த பொருள், அதன் மேல் கழிவு, அதன் மேல் மறுபடி காய்ந்த பொருள் என்று அடுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு கைப்பிடி கழிவுக்கு ஒரு கைப்பிடி காய்ந்தது. காய்ந்த பொருள் என்றால் கிழித்த செய்தித்தாள், முட்டை அட்டை, வேப்பஞ்சருகு, தென்னைநார்க் கழிவு, எது கிடைக்கிறதோ அது. வழவழப்பான வண்ணத் தாள் மட்டும் வேண்டாம். தென்னைநார்க் கழிவில் சில சமயம் உப்பு இருக்கும், முதலில் ஒரு தடவை ஊறவைத்துப் பிழிந்து காயவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காய்ந்த அடுக்கு மூன்று வேலை செய்கிறது. கசியும் தண்ணீரைக் குடிக்கிறது. துண்டுகளுக்கு நடுவே சந்து விட்டுக் காற்றுக்கு வழி செய்கிறது. மூன்றாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. நுண்ணுயிர்கள் வளர கரியும் (அடுப்புக்கரி அல்ல, கார்பன்) வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரி இருந்தால் மக்குதல் சீராக நடக்கும். பச்சைக் கழிவில் நைட்ரஜன் கூடுதல், சருகிலும் தாளிலும் கரி கூடுதல். தராசு வைத்து அளக்க வேண்டியதில்லை, கைப்பிடிக் கணக்கே போதும். அம்மோனியா வாடை, அதாவது மாட்டுக் கொட்டகையில் மூக்கில் ஏறுமே அந்தக் காரம், டப்பாவில் வந்தால் காய்ந்தது குறைகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு பிடி போடுங்கள்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு விதி உண்டு. டப்பாவைத் திறந்தால் மேலே ஒரு துண்டுத் தோல்கூடக் கண்ணில் படக் கூடாது. சருகோ தாளோதான் தெரிய வேண்டும். கீழே விவரமாகச் சொல்லப்போகும் பழ ஈக்குப் பாதி மருந்து இதுவே.

துண்டுகளை விரற்கணு அளவுக்கு நறுக்கினால் சீக்கிரம் இளகும். அதற்காக மிக்சியில் அடிக்காதீர்கள். அரைத்த விழுதில் காற்றுக்கு இடமே இருக்காது, ஒரே நாளில் புளித்துவிடும்.

எத்தனை நாள் வைக்கலாம்? நம் ஊர் வெயில் காலத்தில் இரண்டு, அதிகம் போனால் மூன்று நாள். மார்கழி, தை மாதங்களில் நான்கைந்து நாள் தாங்கும். நாளைவிட மூக்கை நம்புங்கள். பழக்கடை வாடையோ நனைந்த மண் வாடையோ வந்தால் பதம் சரி. புளித்த வாடை வந்தால் அதைத் தாளில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, சருகைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அடியில் தேங்கும் சாற்றைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நிறையத் தண்ணீர் கலந்து முருங்கை மூட்டில் ஊற்றிவிடலாம்.

பழ ஈ

வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தச் சின்ன ஈ எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலும் நாமே காசு கொடுத்து வாங்கி வருகிறோம். கடையில் பழுத்துத் தொங்கும்போதே தோலில் முட்டை இட்டிருக்கும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். 25 டிகிரி சூட்டில் முட்டையிலிருந்து ஈயாகிப் பறக்கப் பத்து நாளே போதும். பத்து நாள் கழிவைச் சேர்த்து வைப்பவர் ஒரு தலைமுறை ஈயை வளர்த்துக் கொடுக்கிறார் என்றே சொல்லலாம். மூன்று நாளுக்குள் டப்பா காலியாக வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் காரணம். பழத்தை வாங்கி வந்ததும் கழுவிவிட்டால் முட்டை ஓரளவு போய்விடும்.

ஃப்ரிட்ஜ்

இன்னும் சில நாள் தாங்க வேண்டும் என்றால் கழிவை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். "குப்பையைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டுப் பக்கத்துலயா வைக்கிறது?" என்று எங்கள் அத்தை முகம் சுளித்தது உண்மை. இறுக்கமான மூடி உள்ள தனி டப்பாவைக் காட்டி, "அத்தை, அரை மணி நேரத்துக்கு முன்னால இந்தக் கேரட்டும் இந்தத் தோலும் ஒண்ணாத்தானே உள்ள இருந்துச்சு" என்று சொன்ன பிறகு சம்மதித்தார். கீழ்த்தட்டில் வைத்தால் அழுகல் மெதுவாகும், ஒரு வாரம் வரை தாங்கும். இங்கே மூடி இறுக்கமாக இருக்கலாம், அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பியிருக்கும்.

ஃப்ரீசர் வேறு ரகம். தோலின் உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது விரிந்து, ஒவ்வொரு செல்லின் சுவரையும் கிழித்துவிடும். வெளியே எடுத்து உருகவிட்டால் தோல் கொழகொழவென்று துவண்டு கிடக்கும். இரண்டு மூன்று நாள் இளகலை உறைபனி செய்து கொடுத்துவிடுகிறது, ஈ முட்டையும் செத்துப்போகும். ஆனால் தண்ணீர் நிறைய விடும். உருகிய பிறகு வடிதட்டில் கொட்டி வடியவிட்டு, சருகு சேர்த்துத்தான் போட வேண்டும். கோடையில், அதன் குளிர் முழுதும் போகும் முன்னரே ஒரு மூலையில் வைத்தால் படுக்கை சற்றுக் குளிரும். ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், பிடிக்காத புழு விலகிப் போக இடம் இருக்க வேண்டும்.

வற்றல் முறை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவில்லை, நாற்றமில்லை, ஃப்ரிட்ஜில் இடம் கேட்பதில்லை. மோர்மிளகாயும் கூழ்வற்றலும் போடத் தெரிந்த நமக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே தேவையில்லை.

கோடையில் ஒரு விசித்திரம் உண்டு. தர்பூசணி, மாம்பழம், முலாம்பழம், வெள்ளரி என்று தோல் மலையாகக் குவியும் காலம் அது. புழுவுக்கோ சூட்டில் பசி குறைந்து, படுக்கையின் அடியில் போய் ஒடுங்கிக் கிடக்கும். ஐப்பசியில் நேர்மாறு. மழை பெய்து படுக்கை குளிர்ந்ததும் புழு சுறுசுறுப்பாகித் தின்னத் தொடங்கும், அடுப்படியில் அப்போது பழத் தோல் குறைவு. கோடையில் நிறைத்து மழைக்காலத்தில் திறக்கும் ஒரு கண்மாய் நமக்கு வேண்டும். அதற்கு மொட்டை மாடியும் சித்திரை வெயிலும் போதும்.

நறுக்கிய தோலைச் சொளகிலோ பழைய வேட்டியிலோ ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்பி, காலை ஒன்பது மணிக்கு மாடியில் வையுங்கள். காக்கையும் அணிலும் இழுக்காமல் இருக்கக் கொசுவலைத் துண்டைப் போர்த்தி நாலு மூலையிலும் கல் வையுங்கள். வாழைப்பழத் தோலைக் கவனித்திருக்கிறேன். மதியத்துக்குள் ஓரம் சுருளும். சாயங்காலம் தோல் பழுப்பாகி, உள்பக்கத்து வெள்ளைச் சதை மெழுகாகச் சுருங்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் கரேலென்று, மடக்கினால் அப்பளம் மாதிரி படக்கென்று ஒடியும். அந்தச் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள். தர்பூசணித் தோலைச் சீவலாகச் சீவிப் போட்டால்தான் காயும், கட்டியாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே புழுங்கும்.

ஒரு கிலோ வாழைப்பழத் தோல் காய்ந்தால் 150 கிராமுக்கு அருகில் வரும். மஞ்சப்பையிலோ தகர டின்னிலோ போட்டு வையுங்கள். ஈரம் படாத வரை மாதக்கணக்கில் கெடாது, ஈயும் அண்டாது. தேவைப்படும்போது ஒரு பிடி எடுத்து, அரிசி களைந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து போட்டால் போதும். காயவைக்காமல் சேர்த்த தோலுக்கும் இதற்கும் புழு வேறுபாடு பார்ப்பதாகத் தெரியவில்லை. போன ஐப்பசியில், வைகாசி மாம்பழத் தோலை ஊறவைத்துப் போட்ட மூன்றாம் நாள் கிளறிப் பார்த்தேன். ஒவ்வொரு தோலின் மடிப்புக்குள்ளும் ஏழெட்டுப் புழு சுருண்டிருந்தன.

டப்பாவிலிருந்து தொட்டிக்கு

போடும் முன் டப்பாவுக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் தாளில் பரப்பி ஆறவிடுங்கள். பிறகு தொட்டியின் ஒரு மூலையில் மட்டும், ஓர் அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, படுக்கையால் மூடுங்கள். அடுத்த முறை அடுத்த மூலை. நாலாவது மூலைக்குப் போகும்போது முதல் மூலையைக் கிளறிப் பாருங்கள். முக்கால்வாசி காணாமல் போயிருந்தால் சரி. இல்லை என்றால் புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது, டப்பாவில் இருப்பது காத்திருக்கட்டும். படுக்கையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் காய்ந்த தாள் சேருங்கள், சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள்.

டப்பா இரண்டும் நிறைந்து, மாடியிலும் இடமில்லை, தொட்டியும் வேண்டாம் என்கிறது. அப்படியும் சில நாள் வரும். கறிவேப்பிலைச் செடிக்கோ வாழை மூட்டுக்கோ பக்கத்தில் ஒரு முழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். குழி தோண்ட இடமில்லாத அடுக்கு வீட்டில் இருந்தால், தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பையாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் புழுவின் மேல் திணிக்க வேண்டாம்.

உழவர் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அங்கே முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளைக் கழித்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும், புழு வளர்ப்பவர் கை சும்மா இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. தொட்டி ஒரு வருடம் ஓடி, புழு பெருகும் வரை அதற்கு ஆசைப்பட வேண்டாம். உங்கள் அடுப்படி கொடுப்பதே அதற்கு அதிகம்.

கடைசியாக, எதை முதலில் செய்வது என்ற வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரத்துக்காக விற்பது பெரும்பாலும் யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழு, அல்லது ஐசீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழு. நம் வெயிலுக்கு முன்னது சற்றுத் தாங்கும். இரண்டில் எதை வாங்குவதாக இருந்தாலும், புழு வாங்கப் போகும் முன்பே கழனி டப்பாவை வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் வெறும் டப்பாவை மட்டும் நடத்திப் பாருங்கள். நிறைந்ததைச் செடி மூட்டில் புதையுங்கள். தினமும் எவ்வளவு சேர்கிறது, எந்த நாளில் நாறுகிறது, எவ்வளவு சருகு வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். பிறகு ஒரு சாயங்காலம் புழுவைக் கொண்டுவந்து படுக்கையில் விட்டு, இரண்டு நாள் ஒன்றுமே போடாமல் மூடி வையுங்கள். மூன்றாம் நாள், டப்பாவில் பதமாகியிருப்பதில் ஒரே ஒரு கைப்பிடி.